செம்பூர் வீட்டில் ஒரு குளிர்பெட்டியின் ஆயுள்

புதியன கண்டுபிடிக்கப்பட்டதைப் பற்றி எழுதுவதற்கு ஆய்வுலகில் என்றுமே ஆர்வம் உண்டு. இருப்பது நீடித்து உழைப்பதைப் பற்றி எழுதுவோர் குறைவு. தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்டன் 2006-இல் வெளியிட்ட நூலில் இந்தச் சாய்வைத்தான் கேள்விக்குள்ளாக்கினார். புதுமையை விடப் பயன்பாடும் பராமரிப்பும் பெரிய வரலாறு என்பது அவரது வாதம். அதைப் படித்த காலத்தில் தலையசைத்தேன். ஆனால் அதன் பொருள் எனக்கு விளங்கியது, செம்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நிற்கும் 180 லிட்டர் ஒற்றைக் கதவுக் குளிர்பெட்டியின் வாயிலாகத்தான்.

அப்பெட்டி 2006-இல் வாங்கியது. அதில் இட்லி மாவு இருக்கும், மோர் இருக்கும், மேல்தட்டில் கறிவேப்பிலை இருக்கும். கடந்த பல ஆண்டுகளாக அப்பாவின் இன்சுலினும் இருக்கிறது. திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைக்க வேண்டும். உறைந்துபோனால் அதைப் பயன்படுத்தவே கூடாது. ஆகவே எங்கள் வீட்டில் குளிர்பெட்டியைப் பராமரிப்பது மின்கட்டணத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று.

சென்ற ஆண்டு மே மாதத்தில் அது ஓயாமல் ஓடத் தொடங்கியது. பக்கவாட்டில் கை வைத்தால் சுட்டது. முதலில் வந்து பார்த்த ஒருவர், கம்ப்ரசர் போய்விட்டது, புதிது வாங்குவதே நல்லது என்றார். இரண்டாவதாக, தாராவியில் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவரை அம்மா வரவழைத்தார். அவர் பெட்டியை முன்னால் இழுத்து, பின்புறக் கம்பிவலையைக் காட்டினார். அடுப்புப் புகையின் பிசுக்கும் தூசியும் சேர்ந்து அதன்மேல் கம்பளி போலப் படிந்திருந்தன. “கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்கு தம்பி. அதுக்கு மூச்சு முட்டுது, அவ்வளவுதான்” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் வெப்ப இயக்கவியல் முழுவதும் இருந்தது. குளிர்பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்புறக் கம்பிவலை வழியாக அறைக்குள் கொட்டுகிறது. கொட்டும் வழி அடைபட்டால் கம்ப்ரசர் கூடுதல் அழுத்தத்தில் கூடுதல் நேரம் ஓட வேண்டியிருக்கும். மின்சாரம் வீணாவதும் இயந்திரம் தேய்வதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள். சிக்கனமும் ஆயுளும் ஒன்றாகவே கூடும், ஒன்றாகவே குறையும் என்பதை அன்று கண்டேன்.

மும்பையின் சிறு வீடுகளில் இதற்கென்றே சில இடர்கள் உள்ளன. இடமின்மையால் பெட்டியைச் சுவரோடு ஒட்டியோ அடுப்பின் அருகிலோ மர அலமாரிக்குள்ளோ வைக்கிறோம். பின்னால் ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். மழைக்காலத்தில் ஈரக்காற்று கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே புகுந்து பனியாகப் படிகிறது. மூடாமல் வைத்த ரசமும் சாம்பாரும் அந்த ஈரத்தைக் கூட்டுகின்றன. படிந்த பனி குளிரைத் தடுக்கும் போர்வை. அரை சென்டிமீட்டரைத் தாண்டுமுன் பெட்டியை நிறுத்திக் கரைத்துவிட வேண்டும். கத்தியால் குத்திப் பெயர்ப்பது பெருந்தவறு. உறைதட்டின் மெல்லிய அலுமினியத்தில் ஒரு துளை விழுந்தால் வாயு வெளியேறிவிடும். பல பெட்டிகளின் ஆயுள் அப்படித்தான் முடிகிறது. கதவின் ரப்பர் பட்டையில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் பட்டை தளர்ந்துவிட்டது. சோப்பு நீரில் துடைத்தும் சரியாகாவிட்டால் மாற்றிவிடலாம், செலவு சிறிதுதான்.

மின்சாரம் நின்று வந்தால் ஐந்து நிமிடம் கழித்தே மீண்டும் இயக்க வேண்டும். குழாய்க்குள் அழுத்தம் சமநிலைக்கு வருமுன் இயக்கினால் கம்ப்ரசர் திணறும். 2020 அக்டோபர் 12 அன்று மும்பை முழுவதும் மின்சாரம் நின்றபோது அம்மா செய்தது ஒன்றே: கதவின்மேல் ‘திறக்காதே’ என்று எழுதிய தாளை ஒட்டினார். மூடிய பெட்டி ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிரைக் காக்கும். தன் அறிவை அம்மா ஒருபோதும் தொழில்நுட்ப அறிவு என்று சொல்லிக்கொண்டதில்லை. வீட்டு இயந்திரங்களின் வரலாற்றை எழுதிய ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன், அவை வந்தபின்னும் பெண்களின் வேலை குறையவில்லை என்று 1983-இல் காட்டினார். அந்த வேலையோடு, கணக்கில் வராத அறிவும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்று நான் சேர்த்துக்கொள்வேன்.

கம்பிவலையைத் துடைத்து, பனியைக் கரைத்து, பெட்டியைச் சுவரிலிருந்து விலக்கிய பின் கணக்கெடுத்தோம். செருகியில் பொருத்தும் சிறு மீட்டர் முன்பு நாளுக்கு 1.7 யூனிட் காட்டியது, பிறகு 1.2. ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பழையதைக் காப்பதே எப்போதும் சரியா? ஆண்டுக்கு 200 யூனிட்டுக்குள் அடங்கும் ஒற்றைக் கதவுப் பெட்டிகள் இன்று கிடைக்கின்றன. எங்களுடையது 438 எடுக்கிறது. யூனிட் எட்டு ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,900 ரூபாய் வேறுபாடு. பதினாறாயிரம் ரூபாய்ப் பெட்டி தன் விலையை மீட்க எட்டாண்டுகளுக்கு மேலாகும். தினம் 1.7 யூனிட்டே தொடர்ந்திருந்தால் அந்தக் காலம் ஐந்தாண்டுக்குள் சுருங்கியிருக்கும். ஆகவே முதலில் துடையுங்கள், பிறகு அளவெடுங்கள், அதன் பின் முடிவு செய்யுங்கள்.

விற்கும் நாள் வந்தால் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட வேண்டாம். எங்கள் பெட்டியின் தகட்டில் ஆர்-134ஏ என்று அச்சிட்டிருக்கிறது. ஓசோனுக்குத் தீங்கு செய்யாத அந்த வாயு, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 1,400 மடங்கு புவியைச் சூடாக்க வல்லது. குழாயை வெட்டிச் செம்பை எடுப்பவருக்கு அதைப் பிடித்துவைக்கும் கருவி இராது. உரிமம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதும் பராமரிப்பின் கடைசிக் கடமையே.

தாராவிக்காரர் அன்று வாங்கிய கூலி முந்நூறு ரூபாய். புறப்படுமுன் வெப்ப நிலைத் திருகை ஒரு புள்ளி குறைத்துவிட்டு, இன்சுலினை உறைதட்டுக்கு அடியிலிருந்து நடுத்தட்டுக்கு மாற்றச் சொன்னார். அப்பாவின் மருத்துவரும் பிறகு அதையேதான் சொன்னார்.