பன்னிரண்டு பேரும் நாலு பேரும்

பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ நகரத்தில் 1922ஆம் வருஷம் ஒரு கால்பந்துக் குழு கீழ்ப்பிரிவில் ஆடி ஜெயித்தது. மறுவருஷம் மேல்பிரிவுக்குப் போனது. இவ்வளவுதான் சேதி. எனக்குப் போர்ச்சுக்கீசிய மொழி தெரியாது. ரியோவை வரைபடத்தில் பார்த்ததோடு சரி. மரியோ ஃபில்ஹோ என்கிற பத்திரிகையாளர் பிரேசில் கால்பந்தில் கறுப்பர்கள் நுழைந்த கதையை 1947இல் புத்தகமாக எழுதினார். மரக்கானா மைதானத்துக்கு அதிகாரப்பூர்வமாக இவர் பேர்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் புத்தகம் ஆங்கிலத்தில் 2021இல்தான் முழுசாக வந்தது. தோழர் ஒருவர் கொடுத்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். பாதியில் மூடிவைத்துவிட்டு ரெண்டு நாள் தொடவில்லை. அதற்கான காரணம் புத்தகத்தில் இல்லை, என்னிடம்தான் இருந்தது.

அந்தக் கிளப்பின் பேர் வாஸ்கோடகாமா. ஆமாம், அதே ஆள்தான். 1498இல் கோழிக்கோட்டில் வந்து இறங்கியவன். 'கடல்வழி கண்டுபிடித்தவர்' என்று ஆறாம் வகுப்பில் கோடிட்ட இடத்தை நிரப்பினோமே, அவனேதான். நானூறாவது வருஷத்தைக் கொண்டாடி 1898இல் ரியோவில் குடியேறிய போர்ச்சுக்கீசியர்கள் துடுப்புப் படகு ஓட்டுவதற்காக ஆரம்பித்த சங்கம் அது. கொள்ளைக்கு வந்தவன் பேரை நெஞ்சில் குத்திக்கொண்டு கறுப்பர்கள் ஆடினார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. சரித்திரம் நம்மைக் கேட்டுக்கொண்டா பேர் வைக்கிறது?

1904இல் கான்டிடோ ஜோசே டி அராவ்ஜோ என்கிற கலப்பினத்தவரை இந்தச் சங்கம் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பிரேசிலில் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்ததே 1888இல்தான், பதினாறு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் நான் இதைப் பெரிசுபடுத்த மாட்டேன். ஒரு ஆளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கணக்குத் தீர்ந்துபோச்சு என்று சொல்லும் வித்தையை இங்கே பஞ்சாயத்திலிருந்து பார்லிமென்ட் வரைக்கும் பார்த்தவர்கள் நாம்.

அன்றைக்குக் கால்பந்து என்பது ரியோவில் பணக்கார வெள்ளைப் பிள்ளைகளின் ஆட்டம். ஐரோப்பாவில் படித்துவிட்டு வந்தவர்கள் கொண்டுவந்தது. பாங்கு என்கிற இடத்து நெசவாலை கிளப் மட்டும் தன் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்டது. 1905லேயே பிரான்சிஸ்கோ கர்ரகால் என்ற கறுப்பர் அதில் ஆடினார். 1907இல் லீக்காரர்கள் 'நிறமுள்ளவர்களை' ஆட்டக்காரர்களாகப் பதிவு செய்ய முடியாது என்று சுற்றறிக்கை விட்டார்கள். பாங்கு லீக்கைவிட்டு வெளியேறியது. அப்புறம் இவ்வளவு அப்பட்டமாக எழுதுவதை விட்டுவிட்டார்கள். 'அமெச்சூர்' என்ற சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். உடலுழைப்பு செய்கிறவன் ஆடக்கூடாது. டிப்ஸ் வாங்குகிற வேலைக்காரன் ஆடக்கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவன் ஆடக்கூடாது. தோலின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. ஆனால் வடிகட்டி முடித்தால் மிச்சம் யார் நிற்பார்கள் என்று விதி எழுதியவனுக்குத் தெரியும். 'தகுதி, திறமை' என்று நம் காதில் ஓதுகிறார்களே, அந்தச் சொற்களுக்கு இது அண்ணன்தம்பி முறை.

வாஸ்கோ கிளப் கால்பந்துக்கு வந்தது 1915இல். 1916இல் மூன்றாம் பிரிவில் முதல் ஆட்டம், 10-1 என்று தோற்றார்கள். படகுக்காரர்களுக்குப் பந்து என்ன தெரியும் என்று ஊர் சிரித்திருக்கும். இந்தப் போர்ச்சுக்கீசியர்கள் மளிகைக்கடை, ரொட்டிக்கடை வைத்திருந்தவர்கள். மேட்டுக்குடி வெள்ளையர்கள் இவர்களையும் மரச்செருப்புக்காரர்கள் என்று ஏளனம் பண்ணினார்கள். இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், ஆள் எந்தத் தெரு என்று பார்க்காமல் பந்து ஆடத் தெரிந்தவனாகப் பொறுக்கினார்கள். மனசு நல்ல மனசு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஜெயிக்கணும் என்கிற வெறி, வியாபாரிகளுக்கே உரிய கணக்கு எல்லாம் சேர்ந்ததுதான். ஆட்டக்காரர்களைத் தங்கள் கடையில் வேலை பார்க்கிற மாதிரி பேர் எழுதிக் காட்டினார்கள். ஜெயித்தால் கையில் காசு. அந்தக் காசுக்கு 'பிஷோ' என்று பேர், மிருகம் என்று அர்த்தம்.

நெல்சன் டா கான்செய்சாவ், கோலி. டாக்ஸி ஓட்டியவர். நிக்கோலினோ, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். செசி, சுவருக்குப் பெயின்ட் அடித்தவர். போலாவ், லாரி ஓட்டியவர். ஆட்டத்துக்கு முன்னால் தாளில் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்று விதி இருந்ததால் இவர்களுக்குக் கிளப்பே எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது. ஒரு ஆட்டக்காரருக்குத் தன் பரம்பரைப் பேரை எழுத வரவில்லை என்று எளிசான 'சில்வா'வுக்கு மாற்றிவைத்தார்கள் என்கிறார் மரியோ ஃபில்ஹோ. பந்தடிக்க வந்தவனுக்கு ஸ்பெல்லிங் பரீட்சை!

இப்போது 1922க்கு வருகிறேன். முதல் டிவிஷனையே ஏ, பி என்று ரெண்டாக வெட்டி வைத்திருந்தது லீக். பெரிய கிளப்புகள் ஏ-யில். வாஸ்கோ பி-யில். அந்த வருஷம் பி-யில் வாஸ்கோ ஜெயித்தது. புத்தகங்களில் இந்த வருஷத்துக்கு ரெண்டு மூணு வரிக்கு மேல் இல்லை. எல்லாரும் தாவி 1923க்குப் போய்விடுகிறார்கள். நான்தான் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஏனென்றால் 1922இல் ஒரு தகராறும் இல்லை. ஆடியது அதேபோன்ற தொழிலாளிகள்தான். மூட்டை தூக்குகிறவன் ஆடலாமா என்று பெரிய கிளப் எதுவும் கேட்கவில்லை. பி-யில் யார் ஆடினால் என்ன, யார் ஜெயித்தால் என்ன. கீழே கிடக்கிற வரைக்கும் நம்மேல் யாருக்கும் பகை இல்லை.

1923இல் மேலே வந்தார்கள். ரமோன் பிளாட்டரோ என்ற உருகுவேக்காரர் பயிற்சியாளர். காலையில் எழுப்பி ஓடவிடுவார். மற்ற கிளப் பிள்ளைகள் ஒழிந்த நேரத்தில் ஆடுகிறவர்கள். இவர்களோ இடைவேளை வரை பின்தங்கியிருந்தாலும் பிற்பாதியில் மூச்சு வாங்காமல் ஓடி ஜெயித்தார்கள். 14 ஆட்டத்தில் 11 வெற்றி, 2 டிரா, 1 தோல்வி. அந்த ஒரே தோல்வி ஃபிளமெங்கோவிடம், 3-2. அந்த ஒரு நாளை மற்ற கிளப் ரசிகர்களெல்லாம் ஒன்றுகூடித் திருவிழாவாகக் கொண்டாடினார்கள். ஆனாலும் கோப்பை வாஸ்கோவுக்கு. கறுப்புச் சட்டை போட்ட குழு. வந்த முதல் வருஷமே சாம்பியன். கோலி நெல்சன் அதே வருஷம் பிரேசில் அணிக்கே கோலியாக நின்றார், அந்த இடத்தில் நின்ற முதல் கறுப்பர். (இதே 1923இல்தான் பம்பாயில் பல்வாங்கர் விட்டல் 'இந்துக்கள்' கிரிக்கெட் அணிக்குக் கேப்டனானார். அவருடைய அண்ணன் பாலுவுக்கு அவ்வளவு விக்கெட் எடுத்தும் கடைசிவரை அந்த இடத்தைக் கொடுக்கவில்லை.)

தொல்லை அதற்கப்புறம்தான். 1924 மார்ச் 1இல் பெரிய கிளப்புகள் லீக்கைவிட்டுப் பிரிந்து தனி லீக் தொடங்கின. வாஸ்கோவும் வரலாம், ஆனால் பன்னிரண்டு ஆட்டக்காரர்களை நீக்கிவிட்டு வரணும் என்றார்கள். முதல் அணியில் ஏழு பேர், இரண்டாம் அணியில் ஐந்து பேர். ஒழுங்கான தொழில் இல்லாதவர்களாம். சொந்தமாக நல்ல மைதானமும் இல்லையாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: தொழிலாளிகளையும் கறுப்பர்களையும் வைத்திருந்த பாங்கு கிளப்பை அந்தப் புது லீக் சேர்த்துக்கொண்டது. பாங்கு மேல்பிரிவுக் கோப்பை எதுவும் ஜெயித்திருக்கவில்லை.

ஏப்ரல் 7ஆம் தேதி வாஸ்கோவின் தலைவர் ஜோசே அகஸ்டோ பிரெஸ்டஸ் பதில் எழுதினார். 261ஆம் எண் கடிதம். எங்களுக்காக ஆடி ஜெயித்துக் கொடுத்த இளைஞர்களை அவமானப்படுத்தி வெளியே தள்ளுகிற காரியத்தை நாங்கள் செய்ய மாட்டோம், உங்கள் லீக்கில் சேருகிற எண்ணத்தை விட்டுவிடுகிறோம் என்பது அதன் சாரம். ஒரே பக்கம். (வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கி அப்போது எட்டு நாள் ஆகியிருந்தது.)

இங்கேதான் நான் புத்தகத்தை மூடினேன்.

எங்க ஊர்ல ஏரி உள்வாயில ஃபுட்பால் ஆடுவோம். ஆதிதிராவிடர் விடுதியில் படிச்ச பசங்க கத்துக்கிட்டு வந்து காலனியில பரப்புனது. பொங்கலுக்கு ஊர்க்காரங்க போட்டி நடத்துவாங்க. அதிலயும் ஏ, பி உண்டு. ஏ பிரிவு ஆட்டம் ஊர்த்தெருவுல, மாரியம்மன் கோயிலை ஒட்டுன மைதானத்துல. பி பிரிவு ஏரியில. பி-யில ஜெயிச்ச டீம் அடுத்த பொங்கலுக்கு ஏ-யில ஆடலாம்னு அவங்களே எழுதி ஒட்டியிருந்தாங்க. மூணு வருஷம் ஆடினோம். ஊர்ப் பெரியவங்ககூட கரைமேல நின்னு எங்க ஆட்டத்தை ரசிச்சாங்க. நாலாவது வருஷம் நாங்க பி-யில ஜெயிச்சோம். கோலி எங்க சின்னமாமா. மேளக்காரர். சாவுக்குப் பறை அடிச்சிட்டு நேரா வந்து கோல்போஸ்ட்ல நிப்பார். இறுதி ஆட்டத்தில ரெண்டு பெனால்டியைப் பிடிச்சார்.

அடுத்த வருஷம் நான் ப்ளஸ் டூ. பேர் கொடுக்கப் போனோம். திண்ணையில் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"நல்லா ஆடுறீங்கடா, இல்லன்னு சொல்லல. ஆனா கோயில் பக்கம் பாரு. மேளம் அடிக்கிற அந்த நாலு பேர விட்டுட்டு வாங்க. மத்தவங்க படிக்கிற பசங்க, பரவால்ல."

நாலு பேர். நான் அந்தப் 'பரவால்ல' கணக்கில் இருந்தேன்.

ராத்திரி மன்றத்துல உக்காந்து பேசுனோம். ஒருத்தன் வேணாம்டா, திரும்ப ஏரிக்கே போயிடலாம்னான். அவனை யாரும் கேக்கல. ஏ பிரிவு கண்ணை மறைச்சிடுச்சு. ஒரு தடவை அந்த மைதானத்துல காலை வச்சிட்டா அடுத்த வருஷம் அவங்களையும் கொண்டுபோயிடலாம்னு நான்தான் பேசினேன். எனக்கு அப்பவே நல்லா பேச வரும். விண்ணப்பத்தை நிரப்பத் தெரிஞ்சவனும் நான்தான். பதினோரு பேர் எழுதணும். கோலி என்கிற இடத்தில் வேற ஒரு பையன் பேரை எழுதினேன். பிரெஸ்டஸ் எழுதிய தாள் அளவுதான் அதுவும் இருக்கும்.

முதல் ஆட்டத்திலேயே தோத்தோம், 5-0. சின்னமாமா ஆட்டம் பார்க்க வரலை. அன்னைக்கு ஊர்ல ஒரு சாவு, அங்க அடிச்சிட்டு இருந்தார். மைதானம் வரைக்கும் சத்தம் கேட்டது. அதுக்கடுத்த வருஷம் யாரும் பேர் கொடுக்கவில்லை. 'அடுத்த வருஷம் அவங்களையும்' என்று நான் சொன்ன அந்த வருஷம் வரவே இல்லை. அப்புறம் எம்.ஏ. படித்தேன், இயக்கத்துக்கு வந்தேன், எத்தனையோ மேடையில் விட்டுக்கொடுக்காமை பற்றிப் பேசியிருக்கிறேன். ஒரு மேடையிலும் இதைச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் மிச்சத்தையும் படித்து முடித்தேன். வாஸ்கோ 1924இல் பழைய லீக்கிலேயே ஆடி, ஒரு ஆட்டமும் தோற்காமல் ஜெயித்தது. பெரிய கிளப்புகளுக்கு வாஸ்கோ இல்லாமல் கூட்டம் சேரவில்லை, வசூலும் இல்லை. 1925இல் சேர்த்துக்கொண்டார்கள். மனம் திருந்தி என்றெல்லாம் நினைக்க வேண்டாம், டிக்கெட் கணக்கும் இருந்தது. மைதானம் இல்லை என்றார்கள் இல்லையா, ரசிகர்களிடமும் உறுப்பினர்களிடமும் காசு வசூலித்து சாவ் ஜனுவாரியோ மைதானத்தைக் கட்டி 1927 ஏப்ரல் 21இல் திறந்தார்கள். அன்றைக்குத் தென் அமெரிக்காவிலேயே பெரிசு. திறப்பு விழா ஆட்டத்தில் சான்டோசிடம் 5-3 என்று தோற்றார்கள், அது வேற விஷயம்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். சின்னமாமா இப்போது மேளம் அடிப்பதில்லை, தோள் வலி. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கதை முழுக்கச் சொன்னேன். அந்த ஃபாரத்தைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கோலி என்னா வேல செஞ்சான்னு சொன்ன?"

"டாக்ஸி ஓட்டுனாரு மாமா."

"அவனையும் எடுத்துடச் சொன்னாங்களா?"

"பன்னெண்டு பேர எடுக்கச் சொன்னாங்க."

"எடுக்கல."

"எடுக்கல மாமா."

டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் கீழே ஊற்றினார்.

"எனக்குத் தெரியும்டா, உன் கையெழுத்துன்னு. கோயில் செவுத்துல ஒட்டியிருந்தாங்கல்ல, ராத்திரி போயி பாத்தேன். அழகா எழுதியிருந்த."