மனை வாங்குவோர் மறக்கும் மூலை

வீடு என்னும் சொல்லுக்கு விடுதலை என்றும் பொருள் கண்டது தமிழ். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து, வாடகை வீடுகள் மாறி மாறி அலுத்த நம் குடும்பங்களுக்கு அப்பொருள் நன்கு விளங்கும். ஆயினும் சொந்த வீடு தேடிப் புறப்படும்போது நாம் பார்ப்பவை எவை? தலைவாசல் எத்திசை, பூசையறை எம்மூலை, வில்லங்கச் சான்று சரியா, பள்ளிக்கூடம் எவ்வளவு தொலைவு என்பனவே. கொல்லைப்புறத்துக் கற்பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்பவர் அரியர்.

பெங்களூரில் வாழ்வோர்க்கு இக்கேள்வி இன்றியமையாதது. 2007ஆம் ஆண்டு மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது 110 கிராமங்கள் அதனுள் வந்தன. நடுத்தர வருவாய்க்கு எட்டும் வீடுகள் பெரும்பாலும் அத்தகைய புறநகர்களிலேயே கிடைக்கின்றன. அங்கே வீடுகள் எழுந்த வேகத்தில் பாதாளச் சாக்கடை வந்து சேரவில்லை. அதனால் பல வீடுகள் ‘செப்டிக் டாங்க்’ எனப்படும் தொட்டியை நம்பியே நிற்கின்றன. அதன் இயக்கம் எளியது. கனமான கழிவு அடியில் படியும். எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும். இடையே தெளியும் நீர் உறிஞ்சுகுழிக்குச் சென்று மண்ணில் இறங்கும். அடியில் சேரும் வண்டலை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அகற்ற வேண்டும்.

நாங்கள் முப்பதுக்கு நாற்பது அடி மனையில் ஒரு வீட்டை விலை பேசியபோது, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்துச் சென்றோம். அவருடைய கட்டணம் 4,000 ரூபாய். “மூடியைத் திறந்து பார்க்க நாலாயிரமா?” என்று உறவினர் நகைத்தனர். தொட்டியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள் என்று பொறியாளர் வினவினார். “பத்து ஆண்டுகளாக அந்தத் தொல்லையே இல்லை” என்றார் வீட்டுக்காரர் பெருமையுடன். “அதுதான் ஐயா தொல்லை” என்றார் பொறியாளர். நிரம்பாத தொட்டி எங்கோ ஒழுகுகிறது என்பது அவர் கணிப்பு.

உள்ளே பார்க்க வேண்டுமாயின் தொட்டியை வெறுமையாக்க வேண்டும். “லாரி எதற்கு? தெரிந்த ஆட்கள் இருவர் இருக்கிறார்கள். இரவில் இறங்கி அள்ளிவிடுவார்கள், பாதிச் செலவுதான்” என்றார் வீட்டுக்காரர். அவர் கொடியவர் அல்லர். ஊர் வழக்கத்தைச் சொன்னார், அவ்வளவே. ஆனால் அத்தொட்டிகளில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். இறங்கியவர் ஆபத்தை அறியுமுன் மயங்கி விழுவார். தூக்க இறங்கியவரும் உடன் மடிவார். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதன்முறைக்கே ஈராண்டுச் சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சாக்கடையில் இறங்கி உயிரிழப்போர் குடும்பங்களுக்கான இழப்பீட்டை 2023ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, இறப்பு நின்றபாடில்லை. “அப்படியானால் வீடே வேண்டாம்” என்றோம். 2,500 ரூபாய்க்கு, ‘ஹனிசக்கர்’ என்று நகரத்தார் வேடிக்கையாக அழைக்கும் உறிஞ்சு லாரி வந்தது.

தொட்டி வெறுமையானதும் உண்மை தெரிந்தது. அடித்தளமே இல்லை, கிணற்று உறைகளை வரிசையாக இறக்கி மேலே மூடியிருந்தனர். அங்கிருந்து பதினைந்து அடியில் ஆழ்துளைக் கிணறு! வேறு தொட்டி கட்டலாமே என்று கேட்டோம். புதிய தொட்டி கட்டினாலும், உறிஞ்சுகுழியைக் கிணற்றிலிருந்து போதிய தொலைவில் அமைக்க அச்சிறு மனையில் இடமில்லை என்று பொறியாளர் அளந்து காட்டினார். பிள்ளைகள் விரும்பிய வீடு, மாமரமும் இருந்தது. விட்டுவிட்டோம்.

6,500 ரூபாய் வீண் என்றவர் உண்டு. ஓராண்டு கழித்து நாங்கள் வாங்கிய சிறிய வீட்டினுள்ளும் அப்பொறியாளரே முதலில் நுழைந்தார்.

வீடு வாங்க விழையும் அன்பர்களே! தொட்டிக்கு அடித்தளம் உண்டா, கழிவுநீர் எங்கே போகிறது, கிணறு எவ்வளவு தொலைவு, லாரியின் குழாய் தொட்டிவரை எட்டுமா என்னும் நான்கையும் முன்பணத்துக்கு முன்னரே கேளுங்கள். கடைசிக் கேள்வியை மறவாதீர்கள். குழாய் எட்டாத இடத்தில்தான் ஒரு மனிதனை இறக்க நினைக்கிறார்கள். அவன் பெயர் எந்தப் பத்திரத்திலும் இராது. ஆயினும் அவன் உயிருக்கு ஊறு நேராத வீடே நாம் குடிபுகத் தக்க வீடு.