இரண்டு வருஷ மாலை

வாசலில் பெல் அடித்தால் உடனே திறக்காமல், கதவு லென்ஸில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கிற வழக்கம் அமெரிக்கா போன பிறகுதான் எனக்கு வந்தது. 2004 ஜனவரி. ஒரு சனிக்கிழமை. ஊர், மினியாபோலிஸ். வெளியே மைனஸ் 15 டிகிரி. லென்ஸில் பார்த்தால் ஓவர்கோட், வெள்ளைச் சட்டை, டை சகிதம் இரண்டு பையன்கள். ஒருத்தன் நெட்டை, ஒருத்தன் குட்டை.

'ஏதோ விற்க வந்திருக்காங்க' என்று பதுங்கினேன். ஆனால் பாருங்கள், கம்ப்யூட்டருக்கு வருமுன் மெட்ராஸில் மூன்று மாதம் வீடு வீடாக ஏறி இறங்கி வாட்டர் ஃபில்டர் விற்றவன் நான். ஒரே நாளில் முப்பது கதவு மூஞ்சியில் சாத்தப்பட்டால் எப்படி இருக்கும் என்று தெரியும். அந்தப் பாவத்துக்காகத் திறந்தேன்.

"இயேசு கிறிஸ்துவைப் பத்தி உங்ககிட்ட கொஞ்சம் பேசலாமா?"

"நான் முருகன் கட்சி. அது கிடக்கட்டும், முதல்ல உள்ளே வாங்க. விறைச்சுப் போயிடுவீங்க."

மரியாதைக்கு காபி கலக்கப் போனேன். "நாங்க காபி குடிக்கிறதில்லை." டீ? "அதுவும் இல்லை." 1833-லிருந்து அவர்கள் சபையில் அப்படி ஒரு விதியாம். காபி, டீ, சிகரெட், மது எதுவும் கூடாது. வந்த விருந்தாளிக்கு வெறும் தண்ணீரைக் கொடுக்க மனசு வரவில்லை. அடுப்பில் மிளகு ரசம் இருந்தது. ஆளுக்கொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். நெட்டைக்குக் காது வரை சிவந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்றான்.

இருவர் சட்டையிலும் கறுப்பு பேட்ஜ். இரண்டிலும் 'எல்டர்' என்று போட்டு ஒரு பெயர்.

"அண்ணன் தம்பிக்கு ஒரே பேரா வெச்சிருக்காங்க?"

சிரித்தார்கள். 'எல்டர்' பெயரில்லையாம், பட்டம். மூத்தவர் என்று அர்த்தம். முகப்பரு கூடப் போகாத, இருபது வயதுகூட நிரம்பாத மூத்தவர்கள்! ஊழியம் செய்கிற இரண்டு வருஷமும் வீட்டில் கூப்பிடுகிற பெயர் கிடையாது. இந்தப் பட்டமும் குடும்பப் பெயரும்தான்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. சபரிமலை! மாலை போட்டால் கணேசனும் 'சாமி', காஜா மொய்தீன் தெரு கண்ணனும் 'சாமி'. நானே மூன்று தடவை போட்டிருக்கிறேன். விவரம் சொன்னேன். கறுப்பு வேட்டி, விடியற்காலைக் குளியல், 41 நாள் விரதம். குட்டை ஆர்வமாகக் கேட்டான்: "42-ம் நாள்?"

"பிரியாணி."

உலகம் இவர்களை 'மார்மன்' என்கிறது. பட்டப்பெயர் வேண்டாம், 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்று முழுசாகச் சொல்லுங்கள் என 2018-ல் சபைத் தலைவரே கேட்டுக்கொண்டார். 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் ஆரம்பித்தது. தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி.

அதன் பிறகு பல சனிக்கிழமைகள் ரசத்துக்கு வந்தார்கள். பனியில் புதைந்த என் காரை மண்வெட்டியால் தோண்டி எடுத்துக் கொடுத்தார்கள். அவர்கள் தினசரி அட்டவணையைக் கேட்டால் நம் ஆபீஸ் மேனேஜர் தங்கமானவர் என்று தோன்றும். காலை ஆறரைக்கு எழ வேண்டும். வேதம் படிக்க வேண்டும். பிறகு கதவு கதவாக நடை. ராத்திரி பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். சினிமா இல்லை, டி.வி. இல்லை, காதல் இல்லை. ஜோடியை விட்டுத் தனியாக எங்கும் போகக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, மளிகை வாங்க, வீட்டுக்கு எழுத. எந்த ஊர் என்பதைச் சபை முடிவு செய்யும். சரி, சம்பளம்? அங்கேதான் தமாஷ். இவர்கள்தான் மாதம் 400 டாலர் கட்ட வேண்டும்! (2020-ல் அது 500 ஆகிவிட்டது.) நெட்டை, ஐடஹோ மாநிலத்து உருளைக்கிழங்குத் தோட்டங்களில் கூலி வேலை செய்து சேர்த்துக்கொண்டு வந்திருந்தான்.

"இந்த ஏரியாவில் எத்தனை பேரைச் சேர்த்திருக்கீங்க?" என்று கேட்டேன். பழைய சேல்ஸ்மேன் புத்தி.

"அஞ்சு மாசத்தில் யாரும் இல்லை."

"அப்புறம் எப்படிப்பா தினமும் கிளம்பறீங்க?"

நெட்டை டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான். "முதல் ஆறு மாசம் ராத்திரி தலையணைக்குள்ளே அழுதேன். ஊருக்குப் போயிடறேன்னு ஜெபம் பண்ணினேன். பதில் வரலை. இன்னிக்கும் பல நாள் வர்றதில்லை. ஆனா காலையில் எழுந்து டை கட்டி, முதல் கதவைத் தட்டறப்ப, யாரோ பக்கத்தில் நிக்கற மாதிரி இருக்கும். என்னை அனுப்பினவர் இருக்கார்னு அதை வெச்சுத்தான் நம்பறேன்."

"பக்கத்தில் நிக்கறது நான்தான்டா" என்றான் குட்டை. சிரித்தோம். நெட்டை மட்டும் அரைச் சிரிப்போடு நிறுத்திக்கொண்டான்.

அன்றைக்குத்தான் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருந்த என் ஐந்து டாலர் காலிங் கார்டைப் பார்த்தான்.

"இதில் இந்தியாவுக்குப் பேசலாமா? எப்ப வேணும்னாலும்?"

"ம்."

அவர்களுக்கு வருஷத்தில் இரண்டே போன்தான். கிறிஸ்துமஸ் ஒன்று, அன்னையர் தினம் ஒன்று. நவம்பரில் அவன் தாத்தா இறந்துவிட்டார். டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்த தாத்தா. இவன் ஊருக்குப் போகவில்லை, இங்கேயே இருந்துவிட்டான். "கிறிஸ்துமஸுக்குப் பேசினப்ப வரிசையா எல்லாரும் போனை வாங்கிப் பேசினாங்க. கடைசியில் தாத்தாகிட்ட குடுங்கன்னு சொல்லிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது."

நான் எதுவும் சொல்லவில்லை. என் யோக்யதை எனக்குத் தெரியும். கல்யாணப் பேச்சில் அப்பாவோடு சண்டை. 'இனிமே உங்களோட பேச்சே கிடையாது' என்று போனை வைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவர் வாக்கிங் போகிற நேரமாகப் பார்த்து அம்மாவோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். கையில் கார்டு, தடுக்க ஒரு விதியும் இல்லை, மறுமுனையில் அப்பா உயிரோடு.

ராத்திரி ஒன்பது மணி. ஊரில் காலை எட்டரை, அப்பா பேப்பர் படிக்கிற நேரம். கார்டு நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவதில் மணி அடித்தது.

"ஹலோ."

"அப்பா... நான்தான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கார்டில் நிமிஷம் தீர்ந்துவிட்டதோ என்று பயந்தேன்.

"அங்கே குளிரா?"

"ஆமாம்ப்பா. மைனஸ் பதினஞ்சு."

"மப்ளர் கட்டிக்கோ. இந்தா, அம்மாகிட்ட தர்றேன்."

ஏழு மாதச் சண்டை அவ்வளவுதான்!

மார்ச்சில் இருவரையும் வெவ்வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நான் முருகன் கட்சியிலேயே இருக்கிறேன். 2019 பிப்ரவரியில், ஊழியக்காரர்கள் இனி வாரா வாரம் வீட்டோடு பேசலாம் என்று சபை விதியைத் தளர்த்தியதாகப் படித்தபோது நெட்டையைத்தான் நினைத்துக்கொண்டேன். இப்போது நாற்பது தாண்டியிருக்கும்.

எனக்கு வாரா வாரம் அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. 2011-ல் அப்பா காலமாகும் வரை ஞாயிற்றுக்கிழமை தவறியதில்லை. பேசியதென்னவோ எப்போதும் ஒன்றுதான்.

"அங்கே குளிரா?"

"ஆமாம்ப்பா."

"இந்தா, அம்மாகிட்ட தர்றேன்."