சூடு ஆறட்டும்

எங்கள் வீட்டில் தாத்தா காலத்து மோரிஸ் மைனர் 1000 ஒன்று உண்டு. மினி காரை உருவாக்கிய அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மோரிஸ் மைனர் குடும்பத்தைச் சேர்ந்தது. தாத்தாவிற்குப் பிறகு அதைக் கட்டிக் காப்பவர் லாரி ஓட்டுநரான என் அப்பா.

எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் பின், பொறியியல் வேண்டாம், தமிழ் படிக்கிறேன் என்று நான் சொன்ன நாளிலிருந்து அப்பா என்னோடு பேசுவது குறைந்துவிட்டது. "அது சோறு போடுமா?" என்று கேட்டார். நானும் சூடாக ஏதோ சொல்லிவிட்டேன். அதன் பிறகு ஈராண்டுகளாக எங்கள் இருவருக்கும் இடையில் அம்மாதான் தபால்காரர்.

சென்ற விடுமுறையில் கோலகங்சாரில் உறவினர் திருமணம். அம்மா அங்கேயே தங்கிவிட, நானும் அப்பாவும் மட்டும் தைப்பிங் திரும்பினோம். நான்தான் ஓட்டினேன். பழைய சாலையில் புக்கிட் பெராப்பிட் மேடு ஏறும்போது முன்பக்கம் குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. இந்தக் காரில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. ஆவி வந்தால்தான் தெரியும். ஓரமாக நிறுத்தி, ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன்.

"தொடாதேடா!"

மூடி இறுகியிருக்கும்போது உள்ளே அழுத்தம் கூடும். அதனால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். திறந்த நொடியே பீறிட்டு முகத்தை வேக வைத்துவிடும். அப்பாவின் முன்கையில் அப்படி ஒரு தழும்பு இருக்கிறது.

"சூடு ஆறட்டும். சூட்டுல எதையும் திறக்கக் கூடாது" என்றார்.

முக்கால் மணி நேரம் சாலையோரத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு தண்ணீர் ஊற்றி, மெல்ல மெல்ல வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் ரேடியேட்டரைக் கழற்றி, டவுனில் உள்ள சீனர் கடைக்குக் கொண்டு போனோம். தவுக்கே அதன் வாய்களை அடைத்துத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்திக் காற்றைச் செலுத்தினார். நாலைந்து இடங்களில் குமிழிகள் வந்தன. மேல்தொட்டியின் ஈயப் பற்றைச் சூடாக்கிப் பிரித்தபோது, செம்புக் குழாய்கள் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தன. இத்தனை ஆண்டுகள் ஊற்றிய பைப்புத் தண்ணீரின் உப்பும் வார்ப்பிரும்பு இன்ஜினின் துருவும் சேர்ந்து கல்லாகியிருந்தன.

"தம்பால் தாக் போலே லாகி" என்றார் தவுக்கே. இனிமேல் ஒட்டுப் போட்டுப் பயனில்லை. புதிய அலுமினிய ரேடியேட்டர் போடலாம். அல்லது பழைய பித்தளைத் தொட்டிகளை வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள குழாய்க் கூட்டை மட்டும் மாற்றலாம். அப்பா இரண்டாவதைத்தான் கேட்டார். என் பகுதி நேர வேலைச் சம்பளத்தைக் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கிக் கொண்டார்.

மூன்றாம் நாள் மாலை அதைத் திரும்பப் பூட்டினோம். நான் ரப்பர் குழாயைப் பிடிக்க, அவர் வளையத்தை முறுக்கினார். திடீரென்று கேட்டார்:

"தமிழ்ல இதுக்கு என்னடா பேரு?"

என் படிப்பைப் பற்றி ஈராண்டுகளில் அவர் கேட்ட முதல் கேள்வி.

"கதிர்வீசின்னு சொல்வாங்கப்பா. ஆனா இது கதிர் வீசி ஆறுறது கொஞ்சந்தான். பெரும்பாலும் காத்துப் பட்டுத்தான் ஆறுது."

"அப்ப தேத்தண்ணி ஆத்துற மாதிரிதானே? ஆத்தின்னு வையேன்."

"வெப்பாற்றின்னு வைக்கலாம்பா."

"ம்" என்றார். ஆற்றுவது என்றால் சூட்டைத் தணிப்பது மட்டுமல்ல, மனத்தைத் தேற்றுவதும்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

இம்முறை அவர் பைப்புத் தண்ணீரைத் தொடவில்லை. துருவைத் தடுக்கும் கூலண்ட் கலந்த நீரை, காற்று தங்காதபடி நிதானமாக ஊற்றினார்.

மறுநாள் அம்மாவை அழைத்து வரக் கிளம்பினோம். சாவியை என்னிடம் நீட்டினார். மேடு நெருங்கும்போது, "அன்னிக்கு அப்படிப் பேசினதுக்கு மன்னிச்சிடுங்கப்பா" என்றேன்.

"மேடு வருது. கியரை மாத்து" என்றார்.

மாற்றினேன். ஆவி வரவில்லை.