கலங்கிய பை

வயிற்று டயாலிசிஸ் நடக்கிற வீடுகளில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் வந்துவிடும். வடிந்த பையை எடுத்து அச்சடித்த தாள் ஒன்றின் மேல் வைப்பார்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் அன்றைக்கு நிம்மதி. மங்கினால் ஆஸ்பத்திரி.

சிறுநீரகங்கள் செய்யாத வேலையை அம்மாவுக்கு இப்போது வயிற்றின் உள்சவ்வு செய்கிறது. 1968இல் ஹென்றி டென்காஃப் விவரித்த வகை சிலிகான் குழாய் ஒன்று அவள் வயிற்றில் எப்போதும் இருக்கும். அது வழியாக 2 லிட்டர் திரவம் உள்ளே போகும். சில மணி நேரம் கழித்துக் கழிவோடு வெளியே வரும். ஒரு நாளைக்கு நான்கு முறை. வாரம் மூன்று நாள் பஸ் ஏறி டவுனுக்குப் போய் மெஷினோடு படுத்துக்கிடக்க வேண்டாம். அந்தச் சுதந்திரத்துக்கு விலை, உடம்பில் நிரந்தரமாக ஒரு வாசல்.

அந்த வாசலில் பெரும்பாலும் நுழைவது நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் வகைகள்தான். அம்மாவின் பை கலங்கியபோது கல்ச்சரில் வந்த பெயர் வேறு: பாஸ்டுரெல்லா மல்டோசிடா. ரிப்போர்ட்டைப் படித்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, வீட்டுல பூனை இருக்கா?"

இருக்கிறது. பெயர் மணி. இந்தக் கிருமி பூனை வாயில் சாதாரணமாக வாழ்வது. தொங்குகிற ட்யூபைக் கண்டால் பூனைக்கு விளையாட்டு. ஒரு பல் பதிந்தால் போதும்.

அபூர்வக் கிருமிகளின் பெயர்கள் முகவரி மாதிரி என்று அப்புறம் படிக்கும்போது தோன்றியது. கேப்னோசைட்டோஃபாகா என்றால் நாயை, பூனையை விசாரிப்பார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாலிவேரியஸ் நம் வாயில் இருப்பது. எக்ஸ்சேஞ்சின்போது மாஸ்க் கட்டச் சொல்வது இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான். இளஞ்சிவப்பாக வளரும் ரோசியோமோனாஸ் தண்ணீரிலும் மண்ணிலும் இருப்பது. நோயாளி யாரோடு வாழ்கிறார், எதைத் தொடுகிறார் என்று லேப் தாள் சொல்லிவிடுகிறது.

டாக்டர் பூனையைப் பற்றிக் கேட்டது நோயைப் புரிந்துகொள்ள. எங்கள் குடும்பத்தில் அது தீர்ப்பாகிவிட்டது. "அந்தச் சனியன எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வா" என்றாள் சித்தி போனில். அம்மா பதில் சொல்லவில்லை. அப்பா போன பிறகு பகல் முழுக்க அவளோடு வீட்டில் இருக்கிற ஒரே ஜீவன் அது.

பெயர் தெரியும்வரை காத்திருக்காமல் முதல் நாளே ஆன்டிபயாடிக்கை அந்தத் திரவத்தில் கலந்து வயிற்றுக்குள் விட்டிருந்தார்கள். பாஸ்டுரெல்லா பெனிசிலின் குடும்பத்து மருந்துகளுக்குப் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் சரியான மருந்து கொடுத்தும் ஐந்து நாளில் பை தெளியாவிட்டால் குழாயை எடுக்க வேண்டும். எடுத்தால் பஸ், டவுன், மெஷின். நான்காம் நாள் தெளிந்தது.

சர்வதேச பெரிடோனியல் டயாலிசிஸ் சங்கத்தின் 2022 பரிந்துரைகள் பூனையைத் துரத்தச் சொல்லவில்லை. எக்ஸ்சேஞ்ச் நடக்கிற அறைக்குள்ளும், பையும் ட்யூபும் வைக்கிற இடத்துக்கும் விடாதீர்கள் என்கின்றன. அவ்வளவுதான். அதைச் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். அறைக்கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டோம்.

இப்போது நான்கு முறையும் அரை மணி நேரம் மணி வெளியே நின்று கதவைப் பிறாண்டுகிறது. "இருடா, வந்துட்டேன்" என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுக்கிறாள்.