ஜெனரல் சவுண்டு, சார்!

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. டிரையல் பேலன்ஸ் பத்து பைசா உதைத்தாலும் அன்றைக்குத் தூக்கம் வராது. நான் படித்து முடித்துப் பல வருஷமாகிறது. டிரையல் பேலன்ஸ் போய், அந்த இடத்தில் இப்போது என் கார் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

செகண்ட் ஹேண்ட் வண்டி. எட்டு வருஷம் ஓடியது. எஞ்சின் சமர்த்து, ஏ.ஸி. ஜில். ஆனால், சிங்காநல்லூர் தாண்டி வெள்ளலூர் ரோட்டில் முதல் பள்ளத்தில் இறங்கியதும் டாஷ்போர்டுக்குள் யாரோ சோழி உருட்ட ஆரம்பிப்பார்கள். கிர்ர்ர்... டிக்... டிக்... கிர்ர்ர்!

"பாட்டைச் சத்தமா வெச்சுட்டாப் போச்சுங்க" என்றாள் மனைவி. கணக்கில் உதைக்கிற தொகையை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் தள்ளுகிற மாதிரியான யோசனை. மனம் ஒப்பவில்லை.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். ஒரு தம்பி என்னோடு ஒரு ரவுண்டு வந்தார். டாக்டரைப் பார்த்ததும் காணாமல் போகும் பல்வலி மாதிரி, அவர் உட்கார்ந்திருந்த வரைக்கும் வண்டி கப்சிப். "ஒண்ணுமில்லைங்க சார், ஜெனரல் சவுண்டு" என்றார். ஒண்ணுமில்லாததற்கு வாட்டர் வாஷ், வீல் அலைன்மென்ட் என்று பில் மட்டும் வந்தது.

சரி, நாமே பார்ப்போம் என்று இறங்கினேன். ராத்திரி கண் விழித்துப் படித்ததில் தெரிந்தது இது: சத்தம் இரண்டு ஜாதி. இரண்டு கெட்டியான பாகங்கள் முட்டிக்கொண்டால் 'டக டக'. உரசிக்கொண்டால் 'கீச்'. முட்டுகிற இடத்தில் ஃபெல்ட் டேப்போ, ஒயரில் சுற்றும் துணி டேப்போ வைத்து இடைவெளியை அடைக்க வேண்டும். கதவு ரப்பர் கீச்சிட்டால் சிலிக்கான் ஸ்ப்ரே. கையில் கிடைத்த கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதிக்கொண்டு, கதவையே சாத்த முடியாமல் போகும். வெயிலில் பிளாஸ்டிக் விரியும், குளிரில் சுருங்கும். அதனால்தான் காலையில் கத்துகிற வண்டி மத்தியானம் வாயை மூடிக்கொள்கிறது.

முதல் வேலை, வண்டியைக் காலி செய்வது. நாலணா முதல் பத்து ரூபாய் வரை சில்லறை, இரண்டு ஹேர்பின், மகள் தொலைத்துவிட்டதாகச் சொல்லிப் புதிதாக வாங்கிய காம்பஸ், டிக்கியில் கட்டாமல் கிடந்த ஜாக்கி. பாதிச் சத்தம் போயிற்று. சந்தோஷப்பட முடியவில்லை. பெரிய சத்தம் போனதும், அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த சின்னச் சத்தம் மேடையேறிவிட்டது.

இதைப் பிடிக்கத் துணைக்கு ஆள் வேண்டும். நான் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் ஒவ்வோர் இடமாகக் கையால் அழுத்த வேண்டும். எந்த இடத்தை அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அதுதான் திருடன். ஓட்டுகிறவன் காதை நம்பக் கூடாது. முன்கண்ணாடியில் பட்டுத் திரும்புகிற சத்தம், கிளம்பிய இடத்தை மாற்றிக் காட்டிவிடும்.

மனைவி மறுத்துவிட்டாள். "நான் வர்றேன் கண்ணு" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா கிளம்பினார். எழுபது வயது. ஒரு பஞ்சாலையின் தறிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்குப் புறப்படுவோம். வழியில் ஆளுக்கொரு டீ. இருபது கிலோமீட்டர் வேகத்தில் குண்டும் குழியுமான ரோடாகத் தேடித் தேடிப் போவோம். நல்ல ரோட்டை விட்டு மோசமான ரோட்டைத் தேடிய குடும்பம் கோவையிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

"இப்ப நின்னுச்சுங்களாப்பா?"

"நின்னுபோச்சு கண்ணு."

எனக்கானால் கேட்டுக்கொண்டே இருக்கும். அவர் பக்கத்து ஆசாமி, அவருக்குத்தான் சரியாகத் தெரியும் என்று அவர் சாட்சியத்தை நம்பி ஏ.ஸி. வென்ட்டைக் கழற்றினேன். இரண்டு கிளிப் உடைந்தது. உக்கடம் பழைய சாமான் கடைகளில் அலைந்து கிளிப் வாங்கி மாட்டினேன். சத்தம் அப்படியே இருந்தது. (கழற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முன்கண்ணாடி ஓரத்துத் தூணில் 'ஏர்பேக்' என்று எழுதியிருந்தால் அங்கே எதையும் அடைக்காதீர்கள். அது விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் போனால் வாழ்நாள் முழுக்க நிம்மதியான நிசப்தம்தான்.)

நாலாவது ஞாயிற்றுக்கிழமை பொறுமை போய்விட்டது. "கவனிச்சுச் சொல்லுங்கப்பா! சும்மா எதையாவது சொல்லாதீங்க!" என்று கத்திவிட்டேன். அவர் பேசாமல் டாஷ்போர்டை அழுத்திக்கொண்டே வந்தார். கொஞ்ச தூரம் போனதும் மனசு கேட்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே, "பசிக்குதுங்களாப்பா?" என்றேன்.

"நின்னுபோச்சு கண்ணு" என்றார்.

வண்டியை ஓரங்கட்டினேன். எஞ்சினை அணைக்கவில்லை. நின்ற இடத்திலேயே கிர்ர்ர் என்று இழுத்துக்கொண்டிருந்தது. அவர் பக்கம் திரும்பி, "இந்தச் சத்தம் கேக்குதுங்களா?" என்றேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

"கேக்கலைன்னு சொன்னா வேற ஆளைக் கூட்டிட்டுப் போயிருவேன்னுதான்..."

தறிக்கூடத்தில் யாரும் காதால் பேச்சைக் கேட்பதில்லை, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். வீட்டிலும் அப்படியே சமாளித்திருக்கிறார். எதிரே உட்கார்ந்து பேசினால் டாண் என்று பதில் வரும். போன் வந்தால் மட்டும், "நீயே பேசு, எனக்கு வேலை இருக்குது" என்பார். ரிடையர் ஆனவருக்கு என்ன வேலை என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. காருக்குள் நான் ரோட்டைப் பார்த்துப் பேசினேன். அங்கேதான் கணக்கு உதைத்தது.

காது பரிசோதனையில் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். கோடு நேராக வந்து, 4,000 ஹெர்ட்ஸில் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. பார்த்ததுமே, "மில்லுல இருந்தீங்களா ஐயா?" என்று கேட்டார் பரிசோதித்த பெண். பேரிரைச்சலில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்குப் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பள்ளம் விழுமாம். எட்டு மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபல்தான் உச்சவரம்பு என்று தொழிற்சாலை விதிகள் சொல்கின்றன. அப்பாவுக்கு அந்த விதியை யாரும் சொன்னதில்லை. பஞ்சைக் காதில் அடைத்துக்கொள்வார்களாம். பஞ்சுக்கா பஞ்சம்!

மெஷின் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தயங்கிக்கொண்டு நின்றேன். ஆறு மணிக்கு அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"காதுல கேக்கலைன்னா என்ன? தறியில எது லூஸுன்னு தொட்டுப் பார்த்துத்தானே கண்டுபுடிப்போம்!"

கண்ணை மூடிக்கொண்டு டாஷ்போர்டு மேல் விரல் நுனியை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தார். வலது மூலை ஸ்பீக்கர் மூடி அருகே விரல் நின்றது. "இங்க துடிக்குது" என்றார். மூடியை நெம்பினேன். ஒரு ஒயர் கனெக்டர், அதற்கான கொக்கியிலிருந்து கழன்று பிளாஸ்டிக்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஃபெல்ட் டேப் சுற்றி, கொக்கியில் மாட்டினோம். பத்து ரூபாய்கூட ஆகவில்லை. வெள்ளலூர் ரோட்டை நாலு முறை ஏறி இறங்கிப் பார்த்தோம். மூச்சு இல்லை.

மெஷின் பொருத்திக்கொண்டு திரும்பி வந்த அன்று, சிங்காநல்லூர் சிக்னலில் திரும்புவதற்காக நின்றேன். அப்பா சட்டென்று நிமிர்ந்தார். தலையை அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"ஏங் கண்ணு, ஏதோ டிக்கு டிக்குங்குதே?"

"இண்டிகேட்டருங்கப்பா."

"எப்பவும் இப்படித்தான் சத்தம் போடுமா?"

"எப்பவும்தாங்க."

கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள், அதற்கும் திரும்பிப் பார்த்தார்.

"ஃபெல்ட் டேப்பு மிச்சம் இருக்குதில்ல? இதுக்கும் ஒரு துண்டு ஒட்டிப்போடலாமா?" என்றார்.