ஸ்ரீரங்கத்து வெயிலும் கண்ணாடித் தெருவும்

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் எங்களைத் திருச்சியில் இறக்கிவிட்டபோது பொழுது நன்றாக விடியவில்லை. ஆயினும் காற்றில் குளிர்ச்சி என்பது பேருக்குக்கூட இல்லை. சித்திரை மாதம் அல்லவா? "எங்க ஊர்ல ரெண்டே காலந்தான் ஸார். ஒண்ணு வெயில் காலம், இன்னொண்ணு கடும் வெயில் காலம்!" என்றார் ஆட்டோக்காரர். கூட வந்த சித்திரக்காரர் அப்போதே கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

நாங்கள் வந்த காரியமும் வெயிலைப் பற்றியதுதான். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் என் சித்தி இருக்கிறாள். சித்தப்பா காலமான பிறகு, வருகிற பென்ஷனில் மிச்சம் பிடித்து, மொட்டைமாடியில் சூரிய மின்சாரத் தகடு போடுவதற்கென்று ஒரு தொகை சேர்த்து வைத்திருந்தாள். அதற்குக் குறுக்கே நின்றவன், என்ஜினீயரிங் படிக்கும் அவளுடைய பிள்ளை. "அயல் நாட்டில் தெருவையே சூரியத் தகடுகளால் போடறா, அம்மா. நாளைக்கு நம்ம வீதிக்கும் வரும். அதுக்குள்ளே கையில் இருக்கிற பணத்தை ஏன் கரைக்கணும்?" என்பது அவன் கட்சி. "நீதான் பத்திரிகைக்காரனாச்சே. வந்து ஒரு தீர்ப்புச் சொல்லிட்டுப் போடா" என்று சித்தி டெலிபோனில் உத்தரவு போட்டாள்.

காப்பி ஆனதும் வீதியைப் பார்க்கக் கிளம்பினோம். ஸ்ரீரங்கமே வீதிகளால் ஆன ஊர். கோயிலின் ஏழு பிராகாரங்களில் வெளிப் பிராகாரங்கள், ஜனங்கள் குடியிருக்கும் தெருக்கள். 1987-ல் பூர்த்தியான 236 அடி ராஜகோபுரம் தெற்கே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. விசாலமான வீதி, மேலே திறந்த வானம், கீழே கால் வைக்க முடியாத சூடு. இவ்வளவு வெயிலும் வீணாகத் தாரில் போய்ச் சேருகிறதே என்று யாருக்குத்தான் தோன்றாது?

தம்பியின் பேச்சில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. தெருவில் தகடு தட்டையாகக் கிடக்க வேண்டும். சூரியனை நோக்கிச் சாய்க்க முடியாது. ஐரோப்பாவில் இது பெரிய நஷ்டம். அங்கே சூரியன் சாய்வாகவே வருகிறான். திருச்சியிலோ சித்திரை பிறந்த சில நாட்களில் நடுப்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறான்; நம் நிழல் நம் காலடியிலேயே ஒளிந்துகொள்கிறது! ஆகவே தட்டையாகக் கிடப்பதால் இங்கே அவ்வளவு நஷ்டமில்லை.

ஆனால் செய்து பார்த்தவர்களின் அனுபவம் என்ன? ஹாலந்தில் கிரொமெனி என்ற ஊரில் 2014-ல் 70 மீட்டருக்குச் சைக்கிள் பாதை ஒன்று போட்டார்கள். சைக்கிள் மட்டுமே போகும் பாதை, மின்சாரமும் வந்தது. ஆனால் முதல் குளிர்காலத்திலேயே ஓரிடத்தில் மேல்பூச்சு உரிந்துவிட்டது. பிரான்ஸில் நார்மண்டிப் பகுதியில், 2016 டிசம்பரில், 1 கிலோமீட்டர் நீளத்துக்குக் கார்கள் போகும் சாலையே போட்டார்கள். செலவு 50 லட்சம் யூரோ. வருஷத்துக்கு 1,50,000 யூனிட் எதிர்பார்த்தார்கள். 2018-ல் கிடைத்தது சுமார் 80,000. டிராக்டர்கள் ஏறித் தகடுகள் நொறுங்கின. இலைகள் விழுந்து மூடின. இரைச்சல் தாங்காமல் வண்டிகளின் வேகத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. சுமார் 90 மீட்டர் நீளத்தைப் பெயர்த்தே எடுத்துவிட்டார்கள்.

"நம்ம ஊர்ல டிராக்டர் எதுக்கு? தேர் இருக்கே!" என்றாள் சித்தி, நான் இதைச் சொன்னதும். என்ன பொருத்தமான பேச்சு! சித்திரைத் தேர் சித்திரை வீதிகளிலும், தைத் தேர் உத்தர வீதிகளிலும் சுற்றி வரும். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்க, அந்தச் சக்கரங்கள் உருளும்போது தரையே அதிரும். கண்ணாடி என்ன ஆகும்?

தேர் வருஷத்துக்கு ஒரு நாள் என்று தம்பி வாதாடலாம். மற்ற நாட்களில் மட்டும் என்ன வாழ்கிறது? தகடு சூடேறினால் மின்சாரம் குறையும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் 0.4 பங்கு போல நஷ்டம். மாடியில் தகட்டுக்கு அடியில் காற்று ஓடும். தெருவில் அடியில் மண்தான். 65 டிகிரிக்குச் சூடேறினால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போயிற்று. வண்டி நிறுத்தினால் நிழல். ஒரு தகட்டின் மூலையில் நிழல் விழுந்தாலும், தோட்டத்துக் குழாயை ஓரிடத்தில் மிதித்தது போல, அதோடு இணைந்த மற்றத் தகடுகளின் மின்னோட்டமும் நெருக்கப்படும். புழுதி இருக்கிறது; கல்யாணப் பந்தல் இருக்கிறது; குடிநீர்க் குழாய்க்கென்று ஒரு முறை, சாக்கடைக்கென்று ஒரு முறை தெருவைத் தோண்டுகிற வழக்கமும் இருக்கிறது. வாசலில் கோலம் போடும் நம் சகோதரிகளைத்தான் என்ன செய்வது?

மாலையில் வெயில் தாழ்ந்ததும் தம்பியை அழைத்துக்கொண்டு மலைக்கோட்டை ஏறினேன். நானூறுக்கு மேற்பட்ட படிகள்! உச்சிப் பிள்ளையாரைத் தரிசித்துவிட்டு வெளியே வந்து நின்றோம். வடக்கே காவேரி, அதற்கப்பால் தென்னந்தோப்புகளுக்கு மேலே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள். கீழே சின்னக் கடைத் தெருவும் தெப்பக்குளமும். "தெரு எங்கே தெரிகிறது, காட்டு பார்க்கலாம்" என்றேன். அவன் தேடினான். கட்டடங்களுக்கு நடுவில் அங்கங்கே ஒரு நூலிழை, அதிலும் பாதி நிழல். கண்ணுக்கு எட்டிய மட்டும் தெரிந்தவை மொட்டைமாடிகளே. யாரும் நடக்காத, தேர் ஓடாத, வெயில் மட்டும் காயும் மாடிகள்! தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. "இத்தனை இடமா இருக்கு?" என்றான் பிறகு.

மிதிபடாத இடம் தேடுவதுதான் நம் நாட்டிலும் வழியாக இருக்கிறது. குஜராத்தில் நர்மதைக் கால்வாயின் மேலே 2012-ல் 750 மீட்டருக்குத் தகடு வேய்ந்தார்கள். தண்ணீர் ஆவியாவதும் குறைகிறது. வாராணசி ரயில் என்ஜின் தொழிற்சாலையில் 2025 ஆகஸ்டில், தண்டவாளங்களுக்கு நடுவே 70 மீட்டர் தூரத்துக்கு 28 தகடுகள் பதித்தார்கள். சக்கரம் தண்டவாளத்தின் மேல் போகும், தகட்டின் மேல் ஏறாது. வேண்டும்போது கழற்றியும் வைக்கலாம். ரயில்வே தொழிற்சாலை இருக்கும் பொன்மலைக்கு அருகில் வளர்ந்த தம்பிக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

இரவு சாப்பாட்டுக்குப் பின் தீர்ப்பு சொன்னேன். வீட்டுக்கு 3 கிலோவாட் போதும். சுமார் 300 சதுர அடி இடம். நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் போல வரும். 2024-ல் தொடங்கிய பிரதம மந்திரி சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு. தெருவுக்காகக் காத்திருப்பது, தேர் வாசலுக்கு வரும் என்று கோயிலுக்கே போகாமல் இருப்பது மாதிரி.

சித்தியின் முகத்தில் மட்டும் ஒரு கவலை. "எல்லாம் சரிடா. வடாம் எங்கே உலர்த்தறது?"

தம்பி எழுந்து டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், அவனே அளந்துவிட்டு வந்தான். "தெற்குப் பக்கம் தகடு, கிணற்றடிப் பக்கம் உன் வடாம். 100 சதுர அடி மிச்சம் இருக்கும்மா" என்றான்.

மறுநாள் காலையில் நாங்கள் புறப்படும்போது, சித்தி மாடியில் நின்று பழைய தட்டுமுட்டுச் சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தாள்.